வழியனுப்பு விருந்துக்குப் பின்

அன்று சனிக்கிழமை. போர்ட் லூயிஸில் காலை பதினொன்று இருபது. துறைமுகத்துக்கு அருகில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் மாடியிலிருந்து தேர்வு முடிந்து என் மகள் இறங்கி வந்தாள். அவளுக்கு முன்னால் வந்தவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டும் சிகரெட் பற்றவைத்துக்கொண்டும் வந்தார்கள். அவள் மட்டும் சுவரைத் தொட்டுக்கொண்டு, பார்வை மங்கியவள் போல ஒவ்வொரு படியாக இறங்கினாள். தெருவுக்கு இந்தப் பக்கம் குடையோடு நின்றிருந்த என்னிடம் வந்து, "பாதிதான் போட்டேன், அப்பா" என்றாள்.

"எந்தப் பாதி?" என்று கேட்டேன். வாத்தியார் புத்தி.

"முதல் பாதி. அதுக்கு அப்புறம் உள்ள தாளைத் திருப்பிக்கூடப் பாக்கல. மணி அடிச்சிட்டாங்க."

என் மகள் சென்னையில் பட்டம் படித்து வந்தவள். மோகா பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். கரும்புத் தோகையில் வரும் நோய்களைக் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிற வேலை. ஆனால் யாரோ கேட்ட கேள்விக்கு அவள் பார்த்துச் சொல்ல வேண்டும். கேள்வியைத் தானே கேட்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு மேற்படிப்பு வேண்டும். அமெரிக்காவின் தெற்கே கரும்பு விளையும் மாநிலம் ஒன்றில் அவளுக்குப் பிடித்த ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே சேர விரும்புகிறவர்கள் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் ஒரே பொதுத் தேர்வை எழுத வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஐந்து விடைகள் அச்சடித்திருக்கும். சரியான விடைக்கு நேராக உள்ள கட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். எங்கள் தீவில் அப்படி ஒரு கேள்வித்தாளைக் கண்ணால் பார்த்தவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

எங்கள் பள்ளிகளில் விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது. எப்படி வந்தது என்று ஒவ்வொரு வரியாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியதாக அர்த்தம். அவள் கை அப்படிப் பழகிய கை. கணக்குப் போடக் கொடுத்த வெற்றுத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் வழிமுறையை முழுதாக எழுதி, அடிக்கோடு இட்டு, பிறகுதான் கட்டத்தைக் கறுப்பாக்கியிருக்கிறாள். அந்த வெற்றுத்தாளை முடிவில் வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டார்களாம்.

குரேப்பிப்பிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞன் எங்களைக் கடந்து போகும்போது, "மாம்செல், தெரியாததுக்கெல்லாம் நான் கண்ணை மூடிக்கிட்டு ஒரு கட்டத்தைக் குத்தினேன்" என்று என் மகளைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.  வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், பாதி வழி வந்த பிறகு அவள், "கண்ணை மூடிக்கிட்டு எப்படிப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

மதிப்பெண் வந்தது டிசம்பரில். புயல் எச்சரிக்கை ஒன்று வந்து விலகிய வாரம். ஜன்னல்களுக்கு அடித்த பலகைகளை நான் கழற்றிக்கொண்டிருந்தபோது தபால் வந்தது. அன்று சாப்பாட்டு மேசையில் அவளே சொன்னாள்.

"பெயிலா?" என்றாள் என் மனைவி.

"இதுல பாஸ் பெயிலெல்லாம் இல்லம்மா. எழுதின எல்லாரையும் ஒரு வரிசையில நிக்க வைப்பாங்க. நான் வாலுக்குப் பக்கத்துல நிக்கிறேன்."

"வரிசைன்னா நகரும்ல?"

அவள் சிரித்துவிட்டாள். நாங்கள் மூவரும் சிரித்தோம். மேசையில் அப்படி மூவருமாகச் சிரித்தது அதுதான் கடைசி என்று இப்போது நினைவு வருகிறது.

எங்கள் வீட்டிலும் ஊரிலும் பேசுவது பிரெஞ்சிலிருந்து வந்த கிரியோல்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பா, அம்மா, மாமா, அத்தை என்ற உறவுச் சொற்களும் சாமி கும்பிடும் சொற்களும் மட்டும் தமிழ். நான் அரசுப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறவன். அவள் சென்னையில் சில ஆண்டுகள் இருந்தவள். எங்கள் இருவருக்கும்தான் தமிழில் ஒரு பேச்சை முழுதாகப் பேசி முடிக்க வரும். மற்றவர்கள் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

குறைந்த மதிப்பெண்ணோடும் அவள் விண்ணப்பம் அனுப்பினாள். ஆய்வுக்கூடத்தின் தலைவர் அதிகம் பேசாத மனிதர். அவர் இவளுடைய வேலையைப் பற்றி நல்லபடியாக எழுதிக் கொடுத்தார். இரண்டு இடங்களுக்குப் போட்டாள். ஒன்றிலிருந்து சீக்கிரமே மறுப்பு வந்தது. அவள் விரும்பிய இடத்திலிருந்து பதில் இல்லை.

இந்த நிலையில்தான் என் மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன்; ரோஸ் ஹில்லில் துணிக்கடை வைத்திருந்தவர்; எங்கள் கோவில் சங்கத்தின் தலைவர். வந்தவர் உட்காரவில்லை.

"மச்சான், மருமகளுக்கு வழியனுப்பு இந்த ஞாயித்துக்கிழமை. மண்டபம் சொல்லிட்டேன்."

"இன்னும் இடம் கிடைக்கலையே."

"கப்பல்லயா?"

"பல்கலைக்கழகத்துல."

"அது வந்துடும். கப்பல்தான் இப்ப கஷ்டம். அவனவன் ஆஸ்திரேலியாவுக்கு ஓடிக்கிட்டிருக்கான். இந்த ஞாயிறு விட்டா காவடி விரதம் வந்துடும், அப்புறம் கல்யாணங்க. மண்டபம் கிடைக்காது."

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த ஆண்டுகளில் எங்கள் பிள்ளைகள் பலர் இங்கிலாந்துக்கு நர்ஸ் படிப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விண்ணப்பம் போட்டவர் போனார். விண்ணப்பத்துக்கும் பயணத்துக்கும் நடுவில் 'இல்லை' என்று ஒரு பதில் வரக்கூடும் என்பதைச் சங்கத்தில் யாரும் பார்த்ததில்லை. விண்ணப்பம் போன பிறகு மீதி இருப்பது ஒரு சூட்கேஸ், ஒரு பயணச்சீட்டு, கோவில் மண்டபத்தில் ஒரு விருந்து. இந்த மூன்றில் தன்னால் ஆனதை அவர் செய்தார்.

வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறினார்கள். பூசணி, பலா, வாழைக்காய், கத்திரிக்காய் போட்ட பருப்பு என்று ஒன்றும் குறையில்லை. என் மகளுக்கு மாலை போட்டார்கள். லண்டனிலிருந்து திரும்பிய ஒருவர் தம் கம்பளிக் கோட்டைச் சங்கத்துக்குக் கொடுத்திருந்தார். அதை அவளுக்குப் பரிசாகப் போர்த்தினார்கள். ஜனவரி வெயிலில், மாலைக்கு மேலே கோட்டும் பாச்சை உருண்டை வாசனையுமாக அவள் நின்றாள். அவள் போக நினைத்த ஊர் எங்கள் ஊரைவிடப் புழுக்கமானது. அதை யாரிடம் சொல்வது?

மாலையைச் சரிசெய்யும் சாக்கில் என் பக்கம் குனிந்து, "அப்பா, சொல்லிடுங்க" என்றாள்.

எங்கள் மேடையில் தமிழில்தான் பேச வேண்டும். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அப்படி. நான் எழுந்து தமிழில் சொன்னேன். என் மகளுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை, தேர்வில் அவள் வாங்கியது குறைந்த மதிப்பெண், கிடைக்காமலேயே போகலாம், முருகன் அருளால் கிடைத்தால் அன்று வந்து நன்றி சொல்வோம் என்று தெளிவாகவே சொன்னேன். 'முருகன் அருள்' என்ற இடத்தில் கைதட்டினார்கள். 'நன்றி' என்ற இடத்தில் மறுபடி தட்டினார்கள். மச்சான் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். மண்டபத்தில் அவ்வளவு பேர் இருந்தும் நான் சொன்னது ஒருத்திக்குத்தான் கேட்டது. அவள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் சிரித்தாள். "நல்லவேளை, யாருக்கும் புரியல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளிலிருந்து கேள்விகள் வந்தன. போ பசான் சந்தையில் கீரை விற்பவள், "எந்தக் கப்பல், மாஸ்டர்?" என்றாள். முடிவெட்டும் கடையில், "பொண்ணு போய்ச் சேர்ந்துடுச்சா?" என்றார்கள். பிப்ரவரியில் ஒருவர் அவளையே தெருவில் நிறுத்தி, "அட, அதுக்குள்ள படிச்சு முடிச்சிட்டியா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்திருந்தார்.

பொய் எனக்கு வராது. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சிலருக்குப் பாட வராதது போல. மேடையில் சொன்னது யாருக்கும் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. ஊரார் அரிசியும் காய்கறியும் கொடுத்துச் சமைத்த விருந்து அது. ஆகவே கேட்டவர்களிடமெல்லாம் கிரியோலில் சொன்னேன். பஸ் நிறுத்தத்தில் சொன்னேன். சந்தையில் சொன்னேன். கோவில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னேன். தேர்வு எப்படிப்பட்டது, அதில் பாஸ் பெயில் ஏன் கிடையாது என்று விளங்க வைக்க அவள் சொன்ன வரிசையையும் வாலையும் எடுத்துச் சொன்னேன். அது எல்லோருக்கும் உடனே புரிந்தது.

ஒரு மாலை அவள் மோகாவிலிருந்து திரும்பி வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் என் முன்னால் நின்றாள்.

"பஸ்ல ஒருத்தர் எனக்கு இடம் விட்டாரு. 'வாலுல நின்னது போதும், உக்காரு மாம்செல்'னு சொன்னாரு. பஸ்ஸே சிரிச்சுது."

"யார் அவன்?"

"அவரு யாரா இருந்தா என்னப்பா? அது நான் உங்ககிட்ட சொன்னது. சாப்பிடும்போது சொன்னது."

"கேக்கிறாங்களே, என்ன சொல்றது?"

"தெரியாதுன்னு சொல்லுங்க."

"தெரியுமே."

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். பிறகு உள்ளே போனாள்.  அவள் அம்மா தட்டில் சோறு போட்டு அந்த அறைக்கு எடுத்துப் போனாள். கேட்டவர்களுக்கு உள்ளதைச் சொன்னதில் என்ன தவறு என்று அன்று எனக்குத் தோன்றியது. 

அதற்குப் பிறகு அவள் விடிந்தும் விடியாமலும் போகும் பஸ்ஸில் போகத் தொடங்கினாள். கோவிலுக்கு வருவதை நிறுத்தினாள். மச்சான் ஒருமுறை வாசலோடு நின்று, "நீ வாத்தியார், மச்சான். யாரும் கேக்காமலே ரிப்போர்ட் எழுதிக் கொடுத்திடுவே" என்று சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி அண்ணனோடும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள், என்னோடும்.

தீவு முழுதும் அப்போது சுதந்திரத்தைப் பற்றித்தான் பேச்சு. வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் ஒரே பஸ்ஸில் எதிரெதிரே உட்கார்ந்து போனார்கள். எங்கள் எதிர்வீட்டுக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிவிட்டது. நாற்காலி மேசையை வராந்தாவில் வைத்து விற்றார்கள்; ஒரு காலை பார்த்தபோது கதவு பூட்டியிருந்தது. எவ்வளவோ ஆண்டுகளாகப் பழகியவர்கள், யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் போகிறவர்கள் ஓசையில்லாமல் போனார்கள். ஊரே கூடி வழியனுப்பியவள் மட்டும் தினமும் மாலை வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

அவளும் திரும்பி வராத நாள் வந்தது. மே மாதம், சென்ட்ர் டி ஃப்ளாக் பக்கம் ஆய்வுக்கூடத்துக்குச் சோதனை வயல்கள் இருக்கின்றன, அங்கே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன் என்றாள். ஃப்ளாக்கில் என் தங்கை வீடு இருந்தது. அங்கே தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. "அங்க யாரும் அந்த விருந்துக்கு வரல" என்று காரணமும் சொன்னாள். கம்பளிக் கோட்டை அலமாரியில் விட்டுவிட்டுப் போனாள்.

ஜூனில் ஒரு ஞாயிறு நான் ஃப்ளாக் போனேன். அறுவடை தொடங்கியிருந்தது, ரோட்டில் கரும்பு வண்டிகள். தங்கை வீட்டுப் பின்கட்டில் தோகைகளைக் காகிதத்தில் பரப்பி வைத்து என் மகள் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள். கறுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி கொண்டு வந்து போட்டாள். விருந்தாளிக்குப் போடுவது போல.

"பதில் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"நானே வேண்டாம்னு எழுதிடலாமான்னு பாக்கிறேன்."

"எழுதாதே."

"அவங்க இல்லன்னு சொன்னா அதையும் நீங்க எல்லாருக்கும் சொல்லணும். நானே வேண்டாம்னு சொல்லிட்டா உங்களுக்கும் சுலபம்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"யாராவது கேட்டா?"

நான் பதில் சொல்லத் தாமதித்தேன். அந்தத் தாமதத்தை அவள் பார்த்துவிட்டாள். குனிந்து தோகைகளை அடுக்கத் தொடங்கினாள். ஒரு தோகையில் நடு நரம்புக்குப் பக்கத்தில் சிவப்பாகக் கோடுகள் ஓடியிருந்தன. அது என்ன நோய் என்று கேட்டேன். அதைத்தான் அவளுக்கும் தெரிந்துகொள்ள வேண்டுமாம். அதைத் தெரிந்துகொள்ள இங்கே கருவி இல்லையாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் பழைய வேகம் வந்தது. பிறகு என் தங்கை தேநீர் கொண்டு வந்தாள். நாங்கள் மூவரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

வேண்டாம் என்று அவள் எழுதினாளா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிச்சல் வரவில்லை. பள்ளி விட்டு வந்தால் வீட்டில் நானும் என் மனைவியும். அவள் ரேடியோவில் பிரெஞ்சுச் செய்தி கேட்பாள், முடிந்ததும் அணைத்துவிடுவாள். மகளின் அறைக்கதவைத் திறந்தே வைத்திருந்தோம். ஒரு நாள் அது சாத்தியிருந்தது. காற்றா, அவளா என்று கேட்கவில்லை. யாராவது வழியில் நிறுத்தி விசாரித்துவிடுவார்களோ என்று சந்தைக்குப் போவதையும் விட்டேன். கோவிலில் கூட்டம் கலைந்த பிறகு போய்க் கும்பிட்டு வந்தேன். ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவனுக்கு இப்போது ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை. தமிழ் வகுப்பில் பாடம் நடத்தும்போது என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்டது.

ஆகஸ்டில், ஒரு புதன்கிழமை, மகளுக்குக் காய்ச்சல் என்று ஃப்ளாக்கிலிருந்து சொல்லியனுப்பியிருப்பதாக என் மனைவி சொன்னாள். தான் போய்ப் பார்த்து வருவதாகவும், எனக்குப் பள்ளி இருப்பதால் நான் வர வேண்டாம் என்றும் சொன்னாள். துணிகளை மடித்து வைத்த பை காய்ச்சல் பார்க்கப் போகிறவளுடைய பையைவிடப் பெரிதாக இருந்தது. நான் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனேன். பஸ் ஏறும்போது, "சனிக்கிழமை வந்துடுவேன்" என்றாள்.

வியாழனும் வெள்ளியும் எப்படிப் போயின என்று எழுதுவதற்கு ஒன்றுமில்லை. ரொட்டி வாங்கிச் சாப்பிட்டேன். காய்ச்சல் என்றால் என்ன காய்ச்சல் என்று கேட்டிருக்கலாமே என்று நினைத்தேன். பிறகு, நினைக்கக் கூடாததையெல்லாம் நினைத்தேன். வேண்டாம் என்று கடிதம் எழுதி அனுப்பிவிட்டு, மனம் விட்டுப்போய், தன்னை ஏதாவது செய்துகொண்டிருப்பாளோ என்று. என் தங்கை வீட்டில் தொலைபேசி கிடையாது. வெள்ளி மாலை மச்சான் கடைவரை போனேன், அவருடைய காரில் ஃப்ளாக்குக்குப் போய் வரலாமா என்று கேட்க. கடை வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். எதற்கு என்று கேட்பார்கள். திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை மதியத்திலிருந்து வாசலில் நின்றேன். மழைத் தூறல். போர்ட் லூயிஸ் பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. வெளிச்சம் குறைகிற நேரத்தில் என் மனைவி ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். தனியாக. கையில் பை இல்லை.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பிள்ளை எங்க?" என்று கேட்டேனா, கேட்க நினைத்தேனா, நினைவில்லை.

அவள் உள்ளே வந்து, நனைந்த முக்காட்டை எடுத்து நாற்காலியில் போட்டாள். தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டுக் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"பிளேசான்ஸ்ல இருந்து வர்றேன். பிளேன் ஏத்தி விட்டுட்டேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தேன்.

"இடம் கொடுத்தாங்களா?"

"கொடுத்தாங்க. மார்க் குறைச்சல்னு எழுதியிருக்காங்க. ஒரு பருவம் படிக்க விட்டுப் பாப்பாங்களாம். அதுல தேறினா வச்சுக்குவாங்க, இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. போன மாசமே வந்துடுச்சு."

"போன மாசமா?"

"ம்."

"காய்ச்சல்?"

"காய்ச்சலெல்லாம் இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் என் எதிரே உட்கார்ந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. ஆனால் குரல் சாதாரணமாக, கடைக்குப் போய் வந்ததைச் சொல்வது போல இருந்தது.

"கோவமில்ல. அவ அப்படிச் சொல்லச் சொன்னா. படியேறும்போதுகூட, 'அப்பாவுக்குக் கோவம் இல்லன்னு சொல்லும்மா'ன்னா. யாராவது கேட்டா உங்களால பொய் சொல்ல முடியாதுல்ல? அவ பிளேன் ஏறுற வரைக்கும், 'எனக்குத் தெரியாது'ன்னு நீங்க உண்மையாவே சொல்லணும். அதுக்குத்தான் சொல்லல."